குடிலுக்கு ஒரு பிடி மண்

(பங்கின் பொன்விழா ஆண்டில், திருவருகைக் காலம் தொடங்குவதற்கு முந்திய ஞாயிறன்று, காலைப் பூசைக்குப் பின் கோவில் மண்டபத்தில் ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர் ஆற்றிய உரை)



விழாக் குழுக் கூட்டத்தில் வாயை வைத்துக்கொண்டு சும்மா இராததற்குத் தண்டனையாக இந்தப் பேச்சு எனக்குக் கிடைத்தது. நமது கோவில் குடிலின் பழைய சுரூபங்கள் பழுதாகிவிட்டன என்பதும், சூசையப்பருக்கு ஒரு கை இல்லை என்பதும், மூன்று இராசாக்களில் ஒருவரை இரண்டு வருடமாகச் சுவரில் சாய்த்தே நிறுத்துகிறோம் என்பதும் நீங்கள் அறிந்ததே. பொன்விழாவை முன்னிட்டு ஆளுயரத்தில் புதிய பைபர் சுரூபங்கள் வாங்கித் தர நம் பங்கைச் சேர்ந்த ஓர் அன்பர் முன்வந்திருக்கிறார். அவருக்கு நம் நன்றி உரியது. ஆனால் அன்றைய கூட்டத்தில் நான் ஒரு கேள்வி கேட்டேன். திருக்குடும்பத்தை அவர் வாங்கித் தரட்டும். இடையர்களையும் ஆடுகளையும், குடிலைப் பார்க்க வரும் சனங்களையும் ஏன் நாமே நம் கையால், நம் கண்மாய்க் களிமண்ணால், குடும்பத்துக்கு ஒன்றாகச் செய்து வைக்கக் கூடாது? குழுவில் சிலர் சிரித்தார்கள். "டீச்சர், இது பிள்ளை விளையாட்டு அல்லவா?" என்றார் ஒருவர். பிள்ளை விளையாட்டுதான். பிறந்திருப்பதும் ஒரு பிள்ளைதானே என்று நான் திருப்பிக் கேட்டதும், "அப்படியானால் நீங்களே பேசிப் புரிய வையுங்கள்" என்று சொல்லிவிட்டார்கள்.

குடில் வைக்கும் வழக்கம் நமக்கு எப்படி வந்தது என்பதை முதலில் சுருக்கமாகச் சொல்கிறேன். 1223-ஆம் ஆண்டு கிறிஸ்துமஸ் இரவில், இத்தாலி நாட்டிலே கிரேச்சோ என்னும் மலையூரில், புனித பிரான்சிஸ் அசிசியார் ஒரு தீவனத் தொட்டியில் வைக்கோலைப் பரப்பி, உயிருள்ள ஒரு மாட்டையும் ஒரு கழுதையையும் கொண்டுவந்து நிறுத்தி, அங்கே பூசை நடக்கச் செய்தார். அவர் இறப்பதற்கு மூன்று ஆண்டுகளுக்கு முந்திய நிகழ்ச்சி இது. 2023-இல் அதற்கு எண்ணூறு ஆண்டுகள் நிறைந்தன. அந்த முதல் குடிலில் மாதாவுக்கோ சூசையப்பருக்கோ சுரூபமே கிடையாது. தொட்டியும் வைக்கோலும் இரண்டு மிருகங்களும், தீவட்டி பிடித்து மலையேறி வந்த சனங்களுமே இருந்தார்கள். அந்த மாடும் கழுதையும்கூட லூக்காஸ் சுவிசேஷத்தில் இல்லை. இசையாஸ் ஆகமத்தின் முதல் அதிகாரத்திலிருந்து குடிலுக்குள் வந்தவை. மத்தேயு எழுதிய சுவிசேஷத்தில் கீழ்த்திசை ஞானிகள் வருகிறார்கள். எத்தனை பேர் என்று அவர் எழுதவில்லை. காணிக்கை மூன்று என்பதால் நாம் மூவர் என்று கணக்குப் போட்டுக்கொண்டோம். இதையெல்லாம் உங்களைக் குழப்புவதற்காகச் சொல்லவில்லை. குடில் என்பது ஆதியிலிருந்தே மக்கள் தங்கள் அன்பினால் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்துக்கொண்டு வந்த ஒன்று என்பதற்காகச் சொல்கிறேன்.

அப்படிச் சேர்த்தவர்களில் என் மனத்துக்கு மிகவும் பிடித்தவர்கள் பிரான்சு தேசத்தின் தெற்கே புரோவான்சு நாட்டு மக்கள். பிரெஞ்சுப் புரட்சியின்போது அங்கே கோவில்களைப் பூட்டிவிட்டார்கள். நள்ளிரவுப் பூசை நின்றது. கோவிலில் வைக்கும் பெரிய குடிலும் இல்லாமல் போயிற்று. கோவிலில் முடியாததை மக்கள் வீட்டுக்குள்ளே வைத்துக்கொண்டார்கள். மர்செய் நகரில் லாஞெல் என்ற ஒரு கைவினைஞர், 1764-இல் பிறந்து 1822-இல் இறந்தவர், அச்சுகள் செய்து, விரலளவு களிமண் பொம்மைகளை ஏழை வீடுகளும் வாங்கக்கூடிய விலைக்கு உண்டாக்கினார். அவற்றுக்குச் சாந்தோன் என்று பெயர். அந்த ஊர்ப் பேச்சில் சின்னப் புனிதர் என்று அர்த்தம். 1803-ஆம் ஆண்டில் மர்செய் நகரில் அவற்றுக்கென்றே தனியாக ஒரு சந்தை தொடங்கியது. அது இன்றும் ஆண்டுதோறும் கூடுகிறது.

அந்தப் பொம்மைகள் யாரைப் போல இருக்கின்றன தெரியுமா? பெத்லகேம் ஊர் ஆட்களைப் போல அல்ல. அந்தந்த ஊர் மாவு மில்லுக்காரர், மீன் விற்கிற அம்மாள், கத்திக்குச் சாணை பிடிக்கிறவர், பூண்டு விற்கிறவர், நூல் நூற்கிற கிழவி, கண் தெரியாத பெரியவரும் அவரைக் கைப்பிடித்து வருகிற பையனும். எல்லாரும் தங்கள் வேலைக்காட்டு உடுப்போடு, தங்களிடம் இருப்பதைத் தூக்கிக்கொண்டு பாலனைப் பார்க்க வருகிறார்கள். அவர்களுள் ஒருவன் மட்டும் ஒன்றும் கொண்டுவருவதில்லை. இரண்டு கையையும் மேலே தூக்கி, வாயைப் பிளந்து ஆச்சரியப்பட்டு நிற்பான். ஊரில் கொஞ்சம் புத்தி குறைந்தவன் என்று அவனைச் சொல்வார்கள். ஆனால் அவன் இல்லாமல் எந்த வீட்டிலும் குடில் வைப்பதில்லை. கூடையோடு வருகிறவர்களைவிட எனக்கு அவன்மேல்தான் பிரியம்.

மறைந்த திருத்தந்தை பிரான்சிஸ் அவர்களும் 2019 டிசம்பர் முதல் தேதி கிரேச்சோவுக்கே போய், குடிலைப் பற்றி ஒரு திருமடல் வெளியிட்டார். அதிலே கொல்லர், ரொட்டி சுடுகிறவர், தண்ணீர்க் குடம் சுமக்கும் பெண்கள், விளையாடும் குழந்தைகள் எல்லாரும் குடிலில் இடம்பெறுவதைக் குறிப்பிட்டு, அது சரிதான் என்று சொல்லியிருக்கிறார். ஆகையால் நான் சொல்வது புதுமையோ புரட்சியோ அல்ல.

இனி என் சொந்த வீட்டுக் கதையைக் கொஞ்சம் சொல்ல வேண்டும். வீட்டுக் கதையை மேடையில் பேசுவது எனக்குப் பழக்கமில்லை. ஆனாலும் குடில் பொம்மை வெறும் பொம்மை என்று நினைப்பவர்களுக்கு வேறு வழியில் என்னால் விளக்க முடியவில்லை.

எங்கள் குடில் பொம்மைகளைச் செய்தவர் என் அப்பத்தா. எழுதப் படிக்கத் தெரியாதவர். கண்மாய் வற்றும் சித்திரை மாதத்தில் மண் எடுத்து வைத்துக்கொண்டு, பல வருடங்களாக ஒவ்வொன்றாகச் செய்தார். மாதாவும் சூசையப்பரும் பாலனும் எல்லா வீட்டிலும் இருப்பது போலத்தான். மற்றவர்கள் அப்படியில்லை. இடையர்களில் ஒருவருக்கு ஒரு கால் சற்று வளைந்திருக்கும். அவர் அப்பத்தாவின் அண்ணன். கண்டிச் சீமைத் தேயிலைத் தோட்டத்துக்குப் போய்த் திரும்பி வராதவர். இடுப்பில் குடத்தோடு நிற்பவள் அப்பத்தாவின் தாயார். ஆடுகள் ஏழு. அப்பத்தா பெற்றதும் ஏழு. ஐந்து ஆடுகள் நின்றுகொண்டிருக்கும். இரண்டு மட்டும் மிகவும் சிறியவை, காலை மடக்கிப் படுத்திருக்கும். பிறந்த சில நாளிலே ஞானஸ்நானம் பெற்றுப் போய்ச் சேர்ந்த இரண்டு குழந்தைகள் அவை. அந்த இரண்டையும் வேறு யாரும் தொட விடமாட்டார். தாமே எடுத்து, தொட்டிக்கு மிக அருகில், வைக்கோல் படும்படி வைப்பார். எனக்கு அப்போது ஆறு வயது. "இதுகள்தான் பாலனுக்கு முந்திப் பக்கத்தில் போனதுகள்" என்று அப்பத்தா சொன்னது நினைவிருக்கிறது. அழுதுகொண்டு சொல்லவில்லை, பருப்பில் கல் பொறுக்குகிற மாதிரி சாதாரணமாகச் சொன்னார்.

அப்பத்தா 1960-இல் காலமானார். மறு வருடம் என் தகப்பனாருக்கும் பெரியப்பாவுக்கும் பாகப்பிரிவினை வந்தது. நிலத் தகராறில் தொடங்கியது, பித்தளைப் பாத்திரம் எண்ணுவது வரை போயிற்று. ஊர்ப் பெரியவர்கள் உட்கார்ந்து பட்டியல் போட்டார்கள். கடைசியில் பரணிலிருந்து குடில் பெட்டியும் இறங்கிற்று. அதையும் பங்கு போட்டார்கள். மூத்தவர் என்ற முறையில் பெரியப்பாவுக்குத் திருக்குடும்பமும் சம்மனசும் மூன்று இராசாக்களும். எங்களுக்கு இடையர்கள், குடக்காரி, ஏழு ஆடுகள், மாடு, கழுதை. எண்ணிக்கை சரியாக இருந்தது என்று எல்லாரும் எழுந்து போய்விட்டார்கள்.

அதன்பின் பதினோரு கிறிஸ்துமஸ். எங்கள் வீட்டில் இடையர்களும் ஆடுகளும் சுற்றி நிற்க, நடுவில் வெறும் வைக்கோல். கடையில் ஒரு திருக்குடும்பம் வாங்கிக்கொள்ளலாம் என்று அம்மா சொன்னால் அப்பா கேட்கமாட்டார். தெருப் பிள்ளைகள் வந்து எட்டிப் பார்த்து, "சாமி எங்கே?" என்று கேட்பார்கள். "இன்னும் பிறக்கவில்லை" என்பார் அப்பா. பெரியப்பா வீட்டில் மாதாவும் சூசையப்பரும் பாலனும் ஆளரவமற்று இருந்தார்கள் என்று கேள்விப்பட்டோம். நாங்கள் போய்ப் பார்த்ததில்லை. இரண்டு வீட்டுக்கும் நடுவில் ஒரே ஒரு சுவர்.

1972-ஆம் ஆண்டு டிசம்பரில் பெரியப்பா மஞ்சள் காமாலையில் படுத்துவிட்டார். கிறிஸ்துமசுக்கு முந்திய இரவு, நல்ல மழை. பெரியம்மா குடையோடு எங்கள் வாசலில் வந்து நின்றார். பதினோரு வருடத்தில் முதல் தடவை. உள்ளே வரவில்லை. "தம்பி, அவர் அந்தச் சின்ன ஆடு ரெண்டையும் பார்க்கணும்கிறார். நாளைக்கே திருப்பித் தந்துவிடுகிறேன்" என்றார். அப்பா ஒன்றும் பேசவில்லை. அம்மாதான் குடிலிலிருந்து அந்த இரண்டையும் எடுக்கப் போனார். "இரு" என்றார் அப்பா. பெட்டியைக் கொண்டுவரச் சொல்லி, அத்தனையையும் ஒன்றுவிடாமல் அதில் அடுக்கினார். "மதினி, குடையை நீங்களே பிடியுங்கள்" என்று சொல்லிவிட்டு, தம் சட்டையைக் கழற்றிப் பெட்டியின்மேல் போர்த்திக்கொண்டு மழையில் இறங்கினார்.

அங்கேதான் ஒரு சேதம் நடந்தது. அப்பத்தாவின் பொம்மைகள் சுடாத மண். வெயிலில் காய வைத்தவைதான். பெட்டியின் ஓரத்தில் தண்ணீர் இறங்கிவிட்டது. குடக்காரியின் முகம் கரைந்துபோயிற்று. அந்த வருடம் குடில் பெரியப்பா வீட்டில் முழுதாக இருந்தது, முகமில்லாத ஒருத்தியோடு. நிலத்து வழக்கு அதற்கப்புறமும் இரண்டு வருடம் கோர்ட்டில் நடந்துதான் முடிந்தது. அதை மறைக்க நான் விரும்பவில்லை. ஆனால் குடில் பெட்டி அன்றிலிருந்து பங்கு பிரியவில்லை. ஒரு வருடம் அந்த வீடு, ஒரு வருடம் இந்த வீடு. இன்றும் பேரப்பிள்ளைகள் காலத்திலும் அப்படியே. பெரியப்பா குணமாகிப் பல வருடம் இருந்தார். குடக்காரிக்கு யாரும் புது முகம் வைக்கவில்லை.

நம் பங்கிலும் பாகம் பிரிந்த வீடுகள் உண்டு. பெயர் சொல்ல வேண்டியதில்லை. ஒரே பெஞ்சில் உட்காராமல் இருப்பதைப் பார்த்தாலே தெரிகிறது. 2020, 2021 கொரோனா வருடங்களில் தாய் தகப்பனைப் பறிகொடுத்து, அடக்கத்துக்குக் கூட முழுக் குடும்பமும் வர முடியாமல் போன வீடுகள் உண்டு. அரபு நாட்டில் வேலைக்குப் போன மகன் கிறிஸ்துமசுக்கு வராத வீடுகள் அநேகம். அவர்களுக்கெல்லாம் நான் சொல்லக்கூடியது இதுதான்: அவர்களை நினைத்து ஒரு பொம்மை செய்யுங்கள். தையல் வேலை செய்தவரா, மெஷினோடு செய்யுங்கள். பஸ் ஓட்டினவரா, காக்கிச் சட்டை போடுங்கள். இறந்தவர்களைப் புனிதராக்கிப் பீடத்தில் வைக்கச் சொல்லவில்லை. சுவாமியவர்கள் பயப்பட வேண்டாம். பாலனைப் பார்க்க வருகிற கூட்டத்தில் அவர்களுக்கும் ஓர் இடம் கொடுக்கத்தான் சொல்கிறேன்.

"எனக்கு மூக்கு வைக்கத் தெரியாது, முழி வைக்கத் தெரியாது" என்கிறவர்களுக்கும் வழி இருக்கிறது. குடிலுக்குப் பக்கத்தில் வழக்கமாக ஒரு சவுக்குக் கிளை நட்டு ஜோடிக்கிறோம் அல்லவா? அதில் தொங்கவிட மண் வில்லைகள் செய்யலாம். சப்பாத்தியைப் போல் மண்ணைத் தட்டி, டம்ளரைக் கவிழ்த்து அழுத்தினால் வட்டம் வந்துவிடும். அதன்மேல் உங்கள் வீட்டுப் பொருள் ஒன்றைப் பதியுங்கள். குழந்தையின் பெருவிரல், பாட்டியின் பாம்படம், தாத்தா வைத்திருந்த பூட்டுச் சாவி, வீட்டு வேப்பிலை. கிறிஸ்துமசுக்கு எல்லாரும் அச்சு முறுக்கு சுடுகிறோம். அந்த அச்சையே மண்ணில் அழுத்திப் பாருங்கள், வாங்கின நட்சத்திரம் தோற்றுப்போகும். எண்ணெய் பட்ட அச்சை நன்றாகத் துடைத்து, சலித்த சாம்பலைத் தூவிக்கொண்டு அழுத்தினால் ஒட்டாது. அப்புறம் அச்சைக் கழுவாமல் முறுக்குச் சுட்டுவிடாதீர்கள்.

மண் வேலையில் சில விஷயங்களைக் கவனிக்க வேண்டும். மதுரைக்குப் பக்கத்தில் விளாச்சேரியில் இதே தொழிலாக இருக்கும் குடும்பங்கள் உண்டு. நவராத்திரிக் கொலுவுக்குப் பொம்மை செய்யும் அதே கைகள்தான் நமக்குக் குடில் சுரூபமும் செய்து தருகின்றன. அப்படிப்பட்டவர்களிடமும் நம் ஊர் வேளார் வீட்டிலும் கேட்டும் பார்த்தும் நான் அறிந்ததைச் சொல்கிறேன்.

வெறும் களிமண் காயும்போது வெடிக்கும். அதனால் கட்டியைப் பொடித்து, ஊறவைத்து, பழைய வேட்டியில் வடிகட்டிக் கல்லும் வேரும் நீக்கி, கொஞ்சம் நைசான மணல் சேர்த்துப் பிசைய வேண்டும். எவ்வளவு பிசைகிறோமோ அவ்வளவு நல்லது. உள்ளே காற்றுக் குமிழி நிற்கக் கூடாது. தலை, கை முதலியவற்றைத் தனியாகச் செய்து ஒட்டுவதானால், ஒட்டுகிற இரண்டு பக்கமும் முள்ளால் கீறி, குழம்பாகக் கரைத்த அதே மண்ணைப் பூசி அழுத்துங்கள். சும்மா ஒட்டவைத்த கை காய்ந்ததும் விழுந்துவிடும். நம் சூசையப்பர் கதைதான். பெருவிரல் கனத்துக்கு மேல் தடிப்பாக இருந்தால் அடியிலிருந்து உள்ளே குடைந்துவிடுங்கள். தொங்கவிடும் வில்லைக்குத் துளை ஈரத்திலேயே போட வேண்டும். ஈர்க்கை விடச் சற்றுத் தடித்த குச்சியால் போடுங்கள், ஏனென்றால் மண் காயும்போது சுருங்கும். துளையும் கூடவே சுருங்கும். ஒரு சாண் பொம்மை சுட்டு வருவதற்குள் ஏறக்குறைய ஒரு விரற்கடை குறைந்துவிடும். அடியில் உங்கள் வீட்டுப் பெயரையோ அடையாளத்தையோ முள்ளால் கீறி வைக்க மறக்க வேண்டாம்.

காய வைப்பதில்தான் அவசரப்பட்டுக் கெடுத்துவிடுவோம். வெயிலில் வைத்தால் மேல்புறம் முந்திக் காய்ந்து வெடிப்பு விடும். நிழலில், மெல்லிய துணி போர்த்தி, தினம் திருப்பி வைக்க வேண்டும். இது கார்த்திகை மழைக்காலம். நல்ல வெயில் காலத்தைவிட இரண்டு மடங்கு நாளாகும். அதனால்தான் இன்றே கூப்பிட்டுச் சொல்கிறேன். டிசம்பர் இருபதாம் தேதி ஞாபகம் வந்து செய்தால் நடக்காது. உள்ளே துளி ஈரம் இருந்தாலும் சூளையில் அது ஆவியாகிப் பொம்மையை வெடிக்கச் செய்யும். பக்கத்தில் இருப்பவர் பொம்மையும் சேர்ந்து போகும். கன்னத்தில் வைத்துப் பார்த்தால் சில்லென்று இருக்கக் கூடாது. இருந்தால் இன்னும் காயவில்லை.

சுடாமல் வைத்தால் என்ன ஆகும் என்று எங்கள் குடக்காரி உங்களுக்குச் சொல்லிவிட்டாள். புரோவான்சு நாட்டிலும் ஆதியில் சுடாத மண்ணில்தான் செய்தார்கள். பிற்காலத்தில்தான் சுடத் தொடங்கினார்கள். ஒரு தடவை நன்றாகச் சுட்டுவிட்டால் பின்பு எத்தனை மழையில் நனைந்தாலும் அது மறுபடி சேறாகாது. நம் வேளார் பெரியவரிடம் பேசிவிட்டேன். கார்த்திகை அகல் விளக்கு வேலை முடிந்ததும், மழை விட்ட ஒரு நாளில், தம் பானைகளோடு நம் பொம்மைகளையும் சூளையில் அடுக்கித் தருகிறேன் என்றார். கூலி கேட்கவில்லை. நாம் கொடுக்காமல் இருக்கக் கூடாது. அவர் நம் மதத்தைச் சேர்ந்தவர் அல்லர். இருந்தாலும், "நானும் ஒன்று செய்து வைக்கலாமா?" என்று கேட்டார். நான் உங்கள் சார்பில் சரியென்று சொல்லிவிட்டேன். சுவாமி மன்னிக்க வேண்டும்.

வண்ணம் பூசுவதைப் பற்றி அதிகம் சொல்ல மாட்டேன். சுட்ட மண்ணின் சிவப்பே போதும் என்பது என் கட்சி. பிள்ளைகள் கேட்கமாட்டார்கள் என்று தெரியும். முதலில் சுண்ணாம்பு ஒரு பூச்சு, அதன்மேல் போஸ்டர் கலர். பளபளப்புக் காகிதம் மட்டும் தயவு செய்து வேண்டாம்.

திருக்குடும்பம் வாங்கித் தரும் அன்பர் நேற்று மாலை என்னை வழியில் நிறுத்தினார். அவருடைய தகப்பனார் முப்பது வருடம் இந்தக் கோவிலில் மணி அடித்தவர் என்பது பெரியவர்களுக்குத் தெரியும். "மணிக்கயிறு மண்ணில் வருமா டீச்சர்?" என்று கேட்டார். கயிறு வராது, மெல்லியதாக இருந்தால் ஒடியும். கயிற்றை உடம்போடு சேர்த்து ஒட்டிச் செய்யலாம் என்று சொன்னேன். வருகிறேன் என்றிருக்கிறார்.

வெள்ளிக்கிழமை ஒரு வண்டி மண் கோவில் மண்டபத்துப் பின்புறம் வந்து இறங்கும். இளைஞர்கள் அன்று இரவே ஊறவைத்துவிட வேண்டும். சனிக்கிழமை மாலை நான்கு மணிக்குத் தொடங்குகிறோம். பழைய துணி ஒன்று, ஒரு கிண்ணம், ஈர்க்கு, உங்கள் வீட்டிலிருந்து பதிப்பதற்கு ஏதேனும் ஒரு பொருள், இவை போதும். இந்த வருடம் குடில் பெட்டி எங்கள் வீட்டு முறை. ஆகவே அப்பத்தாவின் அந்த இரண்டு சின்ன ஆடுகளையும் மாதிரிக்காகக் கொண்டு வருகிறேன். பிள்ளைகள் தொட்டுப் பார்க்கலாம். ஈரக் கையோடு மட்டும் தொடக் கூடாது.

சேசுவுக்குப் புகழ். மரியே வாழ்க.